ஒரு குண்டான் வெயில்

அந்தக் குண்டான் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து லிட்டர் பிடிக்கும் அலுமினியக் குண்டான். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் மங்கின வெள்ளை. மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு அடையாறுக்கு வந்தபோது பழைய பாத்திரங்களை எல்லாம் எடைக்குப் போட்டோம். இதை மட்டும் நான் தரவில்லை. அந்தக் கறுப்பு அடுப்புக்கரி இல்லை. பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கு அடிக்கிற பெயிண்ட். 1986 சித்திரையில் என் பெரியப்பா அடித்தது.

எங்கள் வீடு சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கீழே நாங்கள். மேலே ஒற்றை அறையில் பெரியப்பா. அறைக்கு வெளியே மொட்டை மாடி. அங்கே நின்றால் கபாலீசுவரர் கோயில் கோபுரத்தின் மேல் அடுக்குகளும், கிழக்கே தென்னை மரங்களுக்கு மேல் சாந்தோம் பக்கத்து வானமும் தெரியும். கடல் தெரியாது. ஆனால் பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று வந்து கொடியில் கிடக்கிற துணியை அடிக்கும்போது, அது அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்த வருஷம் அறுபத்து மூவர் திருவிழா முடிந்த கையோடு அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் வெந்நீருக்கு அளவே கிடையாது. அக்கா குளிக்க, குழந்தை குளிக்க, துணி அலச, ஆயாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க என்று நாளெல்லாம் அடுப்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. கேஸுக்குப் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு அப்பா காத்துக்கொண்டிருந்த காலம் அது. ரேஷனில் ஊற்றுகிற கிருஷ்ணாயில் சமையலுக்கே இழுபறி. பின்கட்டில் மரத்தூள் அடுப்பு ஒன்று உண்டு. விறகுத் தொட்டியிலிருந்து மூட்டையாகத் தூள் வாங்கி வந்து, நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் கெட்டித்து, பாட்டிலை மெதுவாக உருவி எடுத்தால் அடுப்பு தயார். பற்றவைத்தால் மூன்று மணி நேரம் நின்று எரியும். ஆனால் முதல் அரைமணி வருகிற புகை வீட்டையே மூடும். குழந்தை இருமும். அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்துவாள். சாத்தினால் புழுக்கம்.

டி. நகரில் சித்தி வீட்டில் செம்புப் பாய்லர் ஒன்று இருந்தது. நடுக்குழாயில் அடுப்புக்கரி போட்டால் சுற்றிலும் தண்ணீர் கொதிக்கும். பனகல் பார்க் பஸ்ஸில் போய் அதை இரவல் கேட்டு வருவதா என்று அம்மா யோசித்தாள். கரி மூட்டை விலையைக் கேட்டுவிட்டு அந்த யோசனையையும் விட்டுவிட்டாள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏழாவது முழு ஆண்டுப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தேன். ருஷ்யப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய பெரெல்மானின் பௌதிகப் புத்தகம் ஒன்று கையில் இருந்தது. பனிப்பாலைவனத்தில் நெருப்பு இல்லாமல் தவிக்கிறவர்கள், பனிக்கட்டியைச் செதுக்கிப் பூதக்கண்ணாடியாக்கி, அதில் வெயிலைக் குவித்துத் தீ மூட்டுகிற ஜூல் வெர்ன் கதையை அவர் அதில் எடுத்துப் பேசுவார். பனிக்கட்டியே நெருப்பு மூட்டும் என்றால், மயிலாப்பூர் மொட்டை மாடியில் கால் வைக்க முடியாமல் கொதிக்கிற வெயில் ஒரு குண்டான் தண்ணீரைச் சூடாக்காதா? தீவுத்திடல் பொருட்காட்சியில், பெட்டிமேல் கண்ணாடி மூடியும் அதன்மேல் சாய்த்துவைத்த முகம்பார்க்கும் கண்ணாடியுமாக ஒரு சூரிய அடுப்பு வைத்திருந்ததையும் பார்த்திருந்தேன். உள்ளே சாதம் வெந்துகொண்டிருந்தது. அடுப்பே இல்லாமல் வெந்த அந்தச் சாதத்தை நான் மறக்கவில்லை.

பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். சத்தமாகச் சொல்ல வேண்டும். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பாய்லர் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நீராவி எஞ்சினின் வயிற்றுக்குள் உட்கார்ந்து முப்பது வருஷம் ரிவிட் அடித்ததில் இரண்டு காதும் மந்தம். பாய்லர் வேலைக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“சுட வெக்கறது இருக்கட்டும். எப்படி நிறுத்துவ?”

எனக்குப் புரியவில்லை.

“வெறக உருவினா அடுப்பு அணையும். ஸ்டவ்வத் திருகினா அணையும். வெயில எதடா திருகுவ?”

அந்த லீவு முழுவதும் நாங்கள் செய்தது அவ்வளவும் இந்தக் கேள்விக்குப் பதில்தான் என்று இப்போது தோன்றுகிறது. சூடாக்குகிற பாதி சுலபமாக வந்துவிட்டது.

மாட வீதிப் பக்கம் சாமிப் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை ஒன்று உண்டு. திருவிழா வியாபாரம் முடிந்து, வெட்டி மீந்த கண்ணாடித் துண்டுகள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. ரசம் பூசின நல்ல கண்ணாடி. கடைக்காரர் வைரமுனையால் கீறி, அரை அடிக்கு அரை அடி சதுரமாக 24 துண்டுகள் வெட்டிக் கொடுத்தார். பெரியப்பா அப்படியே என் கையில் தரவில்லை. சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு துண்டின் நாலு ஓரத்தையும் தானே தேய்த்து மழுக்கினார். விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, “இப்பத் தொடு” என்றார். அதற்கே இரண்டு நாள் ஆனது.

பழைய தேக்கு ஜன்னல் கதவு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினோம். கீழ்விளிம்பில் கீல் வைத்து, ரீப்பர் கட்டையில் அடித்த காலில் பொருத்தி நிறுத்தினோம். மேல்விளிம்பில் ஒரு கயிறு. கயிற்றில் விரற்கடைக்கு ஒரு முடிச்சு. முடிச்சை ஆணியில் மாட்டினால் கதவு அந்தச் சாய்வில் நிற்கும். ஒரு முடிச்சு விட்டால் கொஞ்சம் பின்னால் சாயும்.

கண்ணாடிகளை ஒட்டிய விதத்தை நான் கண்ணை மூடினாலும் பார்க்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் லப்பத்தில் மூன்று உருண்டை, முக்கோணமாக. நாலு வைத்தால் ஆடும், மூன்று வைத்தால் ஆடாது என்று பெரியப்பா சொன்னார். பலகையில் ஒட்டி, ஒரு மூலையை மெல்ல அழுத்தினால் கண்ணாடி அந்தப் பக்கம் திரும்பும். ஏழு அடி தள்ளி, செங்கல் அடுக்கி, மூன்று அடி உயரத்தில் குண்டான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டி. தட்டியில் கரியால் ஒரு பெருக்கல் குறி. முதல் கண்ணாடியின் வெளிச்சம் சதுரமாகத் தட்டியில் விழுந்தது. தம்பி அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்தான். பிஸ்கட்டைப் பெருக்கல் குறிமேல் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நின்றதும் அந்தக் கண்ணாடியைத் தினக்காலண்டர் அட்டையால் மூடிவிட்டு அடுத்தது.

இப்படி ஒவ்வொன்றாகத்தான். இரண்டு கண்ணாடி ஒரே சமயம் திறந்திருக்க விடமாட்டார். “எது யாரோடதுன்னு தெரியாமப் போயிடும்” என்பார். அது ஒரு காரணம். இன்னொன்றை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். பத்து பிஸ்கட் சேர்ந்த இடத்தில் ஒரு பையனின் கை குறுக்கே போகக்கூடாது. தட்டியைக்கூட நனைத்த சாக்கு போர்த்தித்தான் வைத்திருந்தார். வேலை செய்கிற நேரமெல்லாம் நான் கண்ணாடிக்குப் பின்பக்கம் நிற்க வேண்டும். வெளிச்சம் விழுகிற இடத்தை உற்றுப் பார்க்கக்கூடாது. ஒர்க்ஷாப் நாளில் வாங்கின வெல்டிங் கண்ணாடி ஒன்று அவரிடம் இருந்தது. இடம் சரியா என்று அதைப் போட்டுக்கொண்டு அவர்தான் பார்ப்பார். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்துவிட்டு, இரவெல்லாம் கண்ணில் மண் விழுந்த மாதிரி துடித்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

ஒரு நாள் சாயங்காலம் ஆயாவைக் கூப்பிட்டு, கண்ணாடிச் சட்டத்துக்கும் செங்கல் மேடைக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கோலமாவால் கோடு போடச் சொன்னார். ஆயா குனிந்து, நூல் பிடித்த மாதிரி இரண்டு நீளக் கோடு இழுத்தாள். இந்தக் கோட்டுக்குள் யாரும் வரக்கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா மாடிக்கே வரக்கூடாது. கோடு கலைந்தால் அன்று அடுப்பு கிடையாது.

குண்டானுக்குப் பெயிண்ட் அடிப்பதிலும் அவருக்கு ஒரு கணக்கு. கண்ணாடியைப் பார்க்கிற பாதிக்கு மட்டும் கறுப்பு. மறு பாதிக்கு ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். சூட்டை வேகமாக வாங்குகிற கறுப்பு, அதே வேகத்தில் வெளியேயும் விடும், வாங்காத பக்கம் வெள்ளையாகவே இருக்கட்டும் என்றார். மினுக்குகிற பெயிண்ட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அதனால்தான் கரும்பலகைப் பெயிண்ட். குண்டானைச் சுற்றி மூன்று பக்கமும் செங்கல் வைத்து களிமண் பூசினோம். தேங்காய் நார் அடைக்கலாமா என்று கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

கடைசியாக மூடி. நான் நல்ல இறுக்கமான மூடியாகத் தேடி வைத்திருந்தேன், சூடு போகாமல் இருக்க. அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார்.

“மூடி வேணாம். ஒரு தட்டு கவுத்து வெச்சாப் போதும். ஆவி வந்தா தட்டைத் தூக்கிக்கிட்டுப் போவட்டும்.”

அப்போதுதான் எஞ்சின் பாய்லரைப் பற்றிச் சொன்னார். நெருப்பு எரிகிற பெட்டியின் கூரைத் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் இறங்கித் தகடு காய்ந்தால் அது பழுத்துத் தொய்ந்து, உள்ளே அடைபட்ட ஆவி மொத்தமும் ஒரே நொடியில் வெளியே பாயும். எஞ்சினே எகிறிவிடும். அதற்காக அந்தத் தகட்டில் ஒரு துளை போட்டு ஈயத்தால் அடைத்திருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் முதலில் ஈயம் உருகும். துளை வழியே ஆவி சீறி நெருப்புமேல் விழும். டிரைவருக்கும் தெரிந்துவிடும். “தூங்கிப்போன மனுஷனுக்கும் சேத்து வெச்சதுடா அந்த ஈயம்” என்றார். இதைச் சொன்னபோது அவர் குரல் மாறியது. ஈயம் அடைத்துக் கொடுத்த கை அது.

ஏப்ரல் கடைசி வாரம். சென்னையில் அந்த வாரத்தில்தான் உச்சி வேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. ஆகஸ்டு நடுவில் இன்னொரு முறை. கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். அதில் எங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அந்த நாட்களில் சூரியன் கிழக்கே எழும்பி, பக்கவாட்டில் அதிகம் சாயாமல், ஏணி வைத்த மாதிரி மேலே ஏறும். சட்டத்தை இடவலமாகத் திருப்பவே வேண்டியதில்லை. கயிற்றை முடிச்சு முடிச்சாக விட்டால் போதும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஏழடி தூரத்தில் அது பத்து நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட நாலு அங்குலம். சூரியன் மேலே ஏற ஏற வெளிச்சம் குண்டானிலிருந்து கீழே வழுக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கயிற்றை விட்டு மேலே ஏற்ற வேண்டும். கீழ்வீட்டு அலாரம் டைம்பீஸை மாடிக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் குண்டானில் தண்ணீர். அதன் பிறகுதான் கண்ணாடிமேல் இருக்கிற சாக்கை எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. வெறும் குண்டானில் வெளிச்சம் விழுந்தால் பெயிண்ட் புகையும் என்று சொல்லியிருந்தார்.

9 மணி 10 நிமிஷம். பள்ளிக்கூட ஆய்வகத்திலிருந்து லீவுக்கு இரவல் கொடுத்திருந்த தெர்மாமீட்டர் 30 டிகிரி காட்டியது. பெரியப்பா சாக்கை உருவினார். 24 பிஸ்கட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் குண்டானின் கறுப்பில் போய் உட்கார்ந்தன. கறுப்பு கறுப்பாகவே இல்லை. வெல்லப்பாகு மாதிரி பழுப்பாகத் தெரிந்தது. நான் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சத்தம் இல்லை, புகை இல்லை, வாடை இல்லை. கீழே தெருவில் கீரைக்காரம்மாவின் குரல் போனது. 9.30க்கு 41. 9.50க்கு 51. தட்டை நகர்த்திப் பார்த்தால் குண்டானின் உட்பக்கம், வெளிச்சம் விழுகிற பாதியில் மட்டும், கடுகு கடுகாகக் குமிழிகள் ஒட்டியிருந்தன. மறு பாதி வழவழவென்று. 10.05க்கு 58 டிகிரி. நோட்டில் எழுதிவைத்தேன். அந்த நோட்டு தொலைந்துவிட்டது, எண்கள் தொலையவில்லை.

பிறகு பாலிடெக்னிக்கில் படித்தபோது அதே கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 24 துண்டும் சேர்ந்து ஆறு சதுர அடி. சதுர மீட்டரில் சொன்னால் 0.56. ஐந்து லிட்டர் தண்ணீர் 28 டிகிரி ஏற, ஒரு லிட்டருக்கு டிகிரிக்கு 4.2 கிலோஜூல் வீதம் 588 கிலோஜூல். 55 நிமிஷத்துக்கு வகுத்தால் சுமார் 180 வாட். கண்ணாடியில் விழுந்த வெயிலில் பாதிக்கும் குறைவுதான் தண்ணீருக்குப் போயிருக்கிறது. மீதி கண்ணாடியிலும் காற்றிலும் போனது. ஆனாலும் கிருஷ்ணாயில் ஒரு சொட்டுச் செலவில்லை, புகையில்லை. பதினொரு மணிக்கு மேல் முயன்றால் கடல்காற்று வந்து சூட்டைத் துடைத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் எங்கள் வேலை முடிய வேண்டும். குழந்தையின் குளியல் நேரமும் அதுதான்.

அந்தக் குளியலைப் பார்க்க வேண்டும். ஆயா முற்றத்தில் மணைமேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வாள். எண்ணெய் தடவின குழந்தை அந்தக் கால்மேல் குப்புறக் கிடக்கும். அண்டாவில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல்தான் வெந்நீர். வெந்நீரை முதலில் ஊற்றிவைத்துவிட்டு யாராவது கூப்பிட்டார்கள் என்று எழுந்து போனால், வேறு குழந்தை வந்து கையை விட்டுவிடும். இது ஆயாவின் சட்டம். பெரியப்பாவின் சட்டங்களுக்கு முன்பே வந்தது. விளாவி முடித்து முழங்கையை விட்டுப் பார்ப்பாள். விரலுக்குச் சூடு பழகிப் போயிருக்கும், முழங்கைதான் பொய் சொல்லாது என்பாள். அன்று வெயில் காய்ச்சின தண்ணீரில் முழங்கையை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “புகை வாடையே இல்லடா” என்றாள். குழந்தை குளித்து முடித்து, சாம்பிராணிப் புகையில் தலை காய்ந்து, மதியம் வரை தூங்கியது. (குடிக்கிற தண்ணீரை மட்டும் எப்போதும் போல ஸ்டவ்வில் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தோம்.)

பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

மே மாதம் வந்துவிட்டது, ஆயா வடாம் போட ஆரம்பித்திருந்தாள். மொட்டை மாடியில் நனைத்த வேட்டியை விரித்து, அதில் வரிசையாகப் பிழிந்து, காக்காய்க்குப் பயம் காட்ட பெரியப்பாவின் கறுப்புக் குடையை விரித்துப் பக்கத்தில் வைப்பாள். அன்று பத்தரைக்கு நான் குண்டானை இறக்கிக்கொண்டு கீழே போனேன். போகிற அவசரத்தில் சாக்கைப் போடவில்லை. எதிர்வீட்டுப் பையன் வந்து கூப்பிட, அப்படியே தெருவுக்குப் போய்விட்டேன். ஆயா மேலே வந்தாள். மேடையில் குண்டான் இல்லை. குண்டான் இல்லை என்றால் அடுப்பு இல்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கோலக்கோட்டைத் தாண்டி, செங்கல் மேடைக்கு முன்னால் நல்ல இடமாக இருக்கிறதே என்று வடாம் வேட்டியின் ஓரத்தையும் குடையையும் அங்கே நகர்த்தி வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

வெளிச்சம் செங்கல்லில் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

பதினொன்றேகால் இருக்கும். கருகல் வாடை என்று அம்மா சொன்னாள். சமையலறையில் ஒன்றும் இல்லை. பெரியப்பாவுக்குக் காது கேட்காதே தவிர மூக்கு கூர்மை. அவர் மாடிப்படி ஏறி ஓடியதை நான் தெருவிலிருந்து பார்த்தேன். நான் மேலே போனபோது சட்டத்தைக் கவிழ்த்துத் தரையோடு தரையாகப் போட்டிருந்தார். குடைத்துணியில் ஒரு கை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டையின் ஓரம் செவ்வரியாகக் கனன்று, ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு கம்பி வெளியே தெரிந்தது. அவர் தண்ணீரை ஊற்றினார். ஸ்ஸ் என்ற சத்தம். குடைக்கு அரை அடி தள்ளி வடாம் வேட்டி இருந்தது. அதற்கு முன்பு ஐந்து நிமிஷமாவது ஆயா அங்கே குனிந்து உட்கார்ந்து வடாமைத் திருப்பியிருக்கிறாள்.

அவர் என்னை அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஓட்டைக்குள் தன் கையை விட்டு எனக்குக் காட்டினார், அவ்வளவுதான். நான் இரவு சாப்பிடவில்லை. கண்ணாடியை எல்லாம் பெயர்த்துக் குளத்தில் போட்டுவிடலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, மூங்கில் கழி ஒன்றும் கோணி ஒன்றும் கொண்டுவரச் சொன்னார்.

கோணியின் ஒரு விளிம்பைச் சட்டத்தின் மேல்கட்டையில் ஆணி அடித்துப் பொருத்தினார். மறு விளிம்பில் மூங்கில் கழி. கழியைச் சுருட்டி மேலே ஏற்றினால் கண்ணாடி திறக்கும். சுருளைப் பிடித்திருக்க ஒரு கயிறு. அந்தக் கயிறு தரையோரமாக ஓடி, மேடைக்கு வந்து, மேடைமேல் ஒரு மர ஆப்பில் முடிந்தது. ஆப்பின் நாக்கு குண்டானின் அடியில் செருகிக்கொள்ளும். தண்ணீரோடு குண்டான் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறவரை கயிறு இழுபட்டு நிற்கும், கோணி சுருண்டிருக்கும். குண்டானைத் தூக்கினால் ஆப்பு வழுக்கும், கயிறு தளரும், கழியின் கனத்தில் கோணி தொப்பென்று விழுந்து கண்ணாடி மூடிக்கொள்ளும். தண்ணீர் இல்லாத குண்டானை வைத்தால் கனம் போதாது, ஆப்பு நிற்காது. கண்ணாடியைத் திறக்கவே முடியாது.

பத்துத் தடவை தூக்கிப் பார்த்தோம். பத்துத் தடவையும் விழுந்தது. தம்பி கைதட்டினான். நான் பேசாமல் நின்றேன். ஈயம் அடைத்த துளை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எப்படி நிறுத்துவாய் என்று முதல் நாள் கேட்டவர், பையன் மறந்தாலும் தானே நிற்கிற மாதிரி ஒன்றைச் செய்து முடித்துவிட்டார்.

அதன் பிறகு ஜூன் நடுவரை அந்த அடுப்பு நடந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு அம்மாவே கயிற்று முடிச்சை விட்டு வெந்நீர் எடுத்தாள். கண்ணாடி வெளிச்சம் காலையில் தன் ஜன்னலில் அடிக்கிறது என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னபோது, பெரியப்பா மறு பேச்சில்லாமல் பக்கத்தில் ஒரு ஓலைத்தட்டி கட்டினார். மூன்றாம் மாதம் முடிந்து அக்கா குழந்தையோடு மாமியார் வீட்டுக்குப் போனாள். மழைக்காலத்தில் சட்டத்தை அறைக்குள் சாத்தினோம். அடுத்த சித்திரையில் வெளியே எடுத்தபோது உப்புக்காற்று கண்ணாடியின் ரசத்தை ஓரத்திலிருந்து தின்றிருந்தது. 24இல் 9தான் தேறியது. அதற்குள் கேஸும் வந்துவிட்டது.

வில்லியம் ஆடம்ஸ் என்பவரைப் பற்றி நான் படித்தது இதற்கெல்லாம் பல வருஷம் கழித்து. வெள்ளைக்கார அரசாங்கத்தில் பம்பாயில் துணைப் பதிவாளராக இருந்தவர். பாரிஸ் கண்காட்சியில் மூஷோ என்ற பிரெஞ்சுக்காரர் வெயிலைக் குவித்துப் பனிக்கட்டியே செய்து காட்டிய அதே 1878ஆம் வருஷத்தில், இவர் வெப்பநாடுகளில் விறகுக்குப் பதிலாக வெயிலைப் பயன்படுத்துவது பற்றி ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். மூஷோவின் கூம்பு வடிவ உலோகப் பிரதிபலிப்பானுக்குப் பதிலாக, 17 அங்குலத்துக்கு 10 அங்குலம் அளவில் தட்டைக் கண்ணாடிகளை ஒரு சட்டத்தில் அடுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருப்பி ஒரே பாய்லர்மேல் வெளிச்சத்தை விழவைத்தார். 72 கண்ணாடி தேவைப்படும் என்று கணக்குப் போட்டார். கொலாபாவில் தன் வீட்டு வளாகத்திலேயே அதைக் கொண்டு இரண்டரைக் குதிரைசக்தி நீராவி எஞ்சினை ஓட்டினார். சூரியன் நகர நகரச் சட்டத்தை உருட்டித் திருப்ப ஓர் ஆள் போதும் என்பது அவர் ஏற்பாடு. ஐம்பது கண்ணாடியின் வெளிச்சத்தை இருபதடி தள்ளி ஒரு மரக்கட்டையில் விழவைத்தார், அது உடனே பற்றிக்கொண்டது என்ற இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவைத்தேன். கறுப்புக் குடையின் அந்தச் செவ்வரி கண்முன் ஊர்ந்தது. நம்மைப் போலவே தட்டைக் கண்ணாடியில் செய்த ஒருவரைப் பற்றிப் பெரியப்பாவிடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

ஆரோவில்லுக்குப் போயிருந்தபோது, சோலார் கிச்சன் கூரைமேல் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிற அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன். 15 மீட்டர் விட்டம். ஆயிரம் பேருக்குச் சமைக்கிற அளவுக்கு ஆவி கொடுக்கும்படி அமைத்தது. அங்கே கண்ணாடி அசைவதில்லை, ஆவி எடுக்கிற குழாய்தான் சூரியனோடு நகர்கிறது. நாங்கள் செய்ததற்கு நேர் எதிர். வெகுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது நான் இருக்கிற அடையாறு குடியிருப்பின் மாடியில் கண்ணாடிக் குழல்கள் அடுக்கின சோலார் ஹீட்டர் இருக்கிறது. வெயிலைக் குவிக்காமல் அப்படியே வாங்கிக்கொள்வது. அதனால் வீட்டுக்கு அதுவே உத்தமம். தொட்டியின் தலையில் ஒரு சின்னக் குழாய் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். காற்றும் ஆவியும் போகிற வழி. தூசி விழுகிறது, அடைத்துவிடலாமா சார் என்று பிளம்பர் தம்பி ஒரு நாள் கேட்டார். அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, பாய்லர் கதையை முழுக்கச் சொல்லி அனுப்பினேன். குழாய் திறந்தே இருக்கிறது.

லீவில் உங்கள் வீட்டுப் பிள்ளை வெயிலில் தண்ணீர் காய்ச்சுகிறேன் என்று வந்து நின்றால் தடுக்காதீர்கள். கூடவே உட்காருங்கள். கண்ணாடியின் ஓரத்தை நீங்களே மழுக்குங்கள். மூடியை இறுக்க விடாதீர்கள், வெளிச்சத்தைக் கண்ணால் பார்க்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றின பிறகு சாக்கை எடுங்கள். பாத்திரத்தை இறக்குவதற்கு முன் சாக்கைப் போடுங்கள்.